சாலமோன் சாரின் டூட்டி

சாப்பிட்டுவிட்டுப் புதுவாயல் கூட்ரோட்டு மெடிக்கலுக்கு நான் திரும்பியபோது பகல் ரெண்டு மணி. கரண்ட் இல்லை. கடைக்குள் மருந்து வாசனை புழுங்கிக் கிடந்தது.

அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கிற ஆள் நான். படிப்பு எட்டாவது. பார்மசி படித்தவர் சாலமோன் சார். அவருடைய சர்டிபிகேட் சுவரில் இருக்கும், சார் இருக்க மாட்டார். பதினோரு வருஷத்தில் ரெண்டு தடவை வந்தார். அதில் ஒன்று தலைவலி மாத்திரைக்கு.

அவரை அடக்கம் பண்ணி அன்றைக்கு மூணு நாள். முதலாளி பரசுராமன் சர்டிபிகேட்டைக் கழட்டவில்லை.

"உயிரோட இருந்தப்பவே வரல. இப்ப வரலன்னு எவன் கேக்கப்போறான்?"

நியாயம்தான் என்று நானும் சிரித்தேன்.

ஹைவே ஓரத்து லைன் வீட்டு ஷைனி வந்தாள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல். டாக்டர் சீட்டில் சிரப், அஞ்சு மில்லி. சிரப் தீர்ந்திருந்தது. சொட்டு மருந்தைக் கொடுத்தேன்.

"இன்னாண்ணா, இத்துனூண்டு கீது?"

"அதே மருந்துதாம்மா. சீட்டுல இருக்கறாப்ல அஞ்சு மில்லி ஊத்து."

போனாள்.

உள்ளே, அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், நாற்காலி இழுபட்டது.

சவப்பெட்டிக்குத் தெளிக்கிற சென்ட் வாசனை.

என் மணிக்கட்டில் ஒரு கை. ஐஸ்.

"எவ்ளோ சொன்ன?"

நான் திரும்பவில்லை. "அஞ்சு மில்லி, சார்."

"சொட்டு மருந்து நாலஞ்சு மடங்கு கெட்டிடா. ஒரு மில்லிதான். ஓடு."

ஓடினேன். எனக்கு அறுபத்தெட்டு வயசு; ஹைவேயில் லாரிக்காரனே ஹாரன் அடிக்க மறந்து பார்த்த வேகம். லைன் வீட்டில் ஷைனி மூடியில் ஊற்றிக் குழந்தையின் உதட்டில் வைத்திருந்தாள். தட்டிவிட்டேன்.

"பைத்தியமா ஒனக்கு?"

"ஒரு மில்லிதாம்மா. தப்பாச் சொல்லிட்டேன்."

என்னையே பார்த்தாள். குரல் இறங்கியது.

"எதிரூட்டு ஞானம்மா பேத்திக்கும் நீதான குடுத்த? பத்து நாளைக்கு மின்ன?"

எதிர்வீடு பூட்டியிருந்தது. சாவுக்குப் போட்ட பந்தலின் கழிகள் மட்டும் வாசலில் நின்றன. நான் கொடுத்ததுதான். அதே பாட்டில். அதே அஞ்சு மில்லி. அன்றைக்குச் சார் உயிரோடுதான் இருந்தார். வீட்டில் டிவி பார்த்துக்கொண்டு.

திரும்பிவந்து பரசுராமனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"அப்ப தெனம் வருவாரா? செவ்வாக்கெழம மருந்துக்கடைய செக் பண்ண இன்ஸ்பெக்டர் வராரு. அன்னிக்கு இருப்பாரான்னு கேட்டுச் சொல்லு."

அன்றோடு வேலையிலிருந்து நின்றுவிட்டேன்.

போன வாரம் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனேன். பரசுராமன் கடைக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தான். உள்ளே போகிற முகமாகத் தெரியவில்லை. கல்லாவில் யாரும் இல்லை.

ஆனால் வரிசை நின்றது. ஒவ்வொருவராக உள்ளிருட்டை நோக்கிச் சீட்டை நீட்டினார்கள்.

சீட்டு ஒவ்வொன்றாக உள்ளே போனது.

"காலையில பாதி, ராத்திரி ஒண்ணு... சரிங்க சார்" என்று ஒரு பெண் தலையாட்டினாள்.