வெயில் படாத கண்ணாடி

"என் புருஷனைத் தூக்குல போடப் போறாங்க, ஐயா," என்றாள் சிக்ரிட் ஹௌகன். அழுது முடித்துவிட்டு வந்த முகம்.

துப்பறிவாளர் ப்ரூயிட் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். உதவியாளன் மைலோ காபி ஊற்றினான்; பாதி மேஜைக்குப் போயிற்று. குத்துச்சண்டை மேடையில் கேட்டவர்களுக்கெல்லாம் மூக்கைத் தாராளமாகக் கொடுத்தவன் அவன். அழுத பெண்ணைக் கண்டால்தான் தடுமாறுவான்.

சியாட்டில் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் நில்ஸ் ஹௌகன், சனிக்கிழமை மாலை ஃபர்ஸ்ட் அவென்யூ தெருவில் ஜாஸ்பர் க்ரோவை அடித்துத் துவைத்தான். க்ரோ தன் மனைவியைத் தலைமயிரைப் பற்றி இழுத்துப் போனதை அவனால் சகிக்க முடியவில்லை. மறுநாள் காலை அதே இடத்தில், லாரிமரின் இரும்புக்கடை வாசலில், கழுத்தில் கண்ணாடிச் சில்லோடு க்ரோ செத்துக் கிடந்தான். பக்கத்தில் நடைபாதையில் பதித்திருந்த கண்ணாடிக் கட்டி ஒன்று உடைந்திருந்தது. அந்தச் சில்லால்தான் நில்ஸ் குத்தினான் என்றது போலீஸ்.

"அவருக்குக் கோவம் வந்தா கை போதும்யா. கண்ணாடியெல்லாம் தேட மாட்டார்," என்றாள் சிக்ரிட்.

ப்ரூயிட்டும் மைலோவும் இரும்புக்கடைக்குப் போனார்கள். ஊரை எரித்த பெருந்தீக்குப் பிறகு தெருவை ஒரு மாடி உயரம் தூக்கியதில் பழைய கடைகளெல்லாம் நிலவறைகளாகிவிட்டன. அவற்றுக்கு வெளிச்சம் தரத்தான் நடைபாதையில் கண்ணாடி.

கடைக்காரர் லாரிமர் நிலவறைக்குள் முன்னால் இறங்கினார். "க்ரோ என் தங்கச்சி புருஷன். நல்லதா நாலு வார்த்தை சொல்லலாம்னு பாக்கறேன், ஒண்ணும் வரலை."

மேலேயிருந்து விழுந்த ஊதா வெளிச்சத்தில் மைலோ தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தான். "ஊதா அங்கி போட்ட பிஷப் மாதிரி இருக்கேன், சார்."

"அந்த மூக்கோடவா?" என்ற ப்ரூயிட், படிக்கட்டுக்கு அடியில் வைக்கோல் திணித்த பெட்டியைக் காட்டினார். அதன் முன்னால் தரையில் ஓரிடம் மட்டும் பளிச்சென்று தேய்க்கப்பட்டிருந்தது. "அதுல என்ன?"

"தெரு போட்டப்போ மிஞ்சின கண்ணாடி. அன்னிலேருந்து இருட்டுலதான் கிடக்கு."

அன்று மாலை ப்ரூயிட் லாரிமரையும் சிக்ரிட்டையும் காவல் நிலையத்துக்கு வரவழைத்தார். ரத்தம் காய்ந்து கறுத்த சில்லை இன்ஸ்பெக்டரிடம் வாங்கி, நீரில் அலசினார். நீர் சிவந்தது. சில்லு தண்ணீர்போல் நிறமற்று வெளியே வந்தது. நடைபாதையில் உடைந்த கட்டியின் துண்டை அதனருகே வைத்தார். அது ஊதா.

"ரெண்டும் ஒரே கண்ணாடிதான். தெருவுல பதிச்சது வருஷக்கணக்கா வெயில் குடிச்சு ஊதாவாயிடுச்சு. இது வெயிலையே பாக்காதது. உங்க பெட்டிலேருந்து வந்தது, மிஸ்டர் லாரிமர். கீழே கொன்னு மேலே தூக்கிப் போட்டீங்க. சாயங்காலச் சண்டையை ஊரே பாத்திருந்துச்சு. பழி நில்ஸ் மேல விழ, நடைபாதையில ஒரு கட்டியை உடைச்சா போதும்னு நினைச்சீங்க."

லாரிமர் தன் கைகளைப் பார்த்தார். "அன்னிக்கு ராத்திரி என் தங்கச்சி காதைக் கிழிச்சுட்டு வந்து, சிரிச்சுக்கிட்டே என்கிட்ட சாராயம் கேட்டான். பெட்டிலேருந்து கையில கிடைச்ச கட்டியை எடுத்து மண்டையில அடிச்சேன். உடைஞ்சுது. மீதியைக் கழுத்துல இறக்கினேன்."

"அவளுக்காகத் தெருவுல இறங்கினவன் ஒருத்தன்தான். அவனையா தூக்குக்கு அனுப்பப் பாத்தீங்க?"

லாரிமர் விலங்குக்குக் கைகளை நீட்டினார்.

வீங்கிய கைகளோடு நில்ஸ் வெளியே வந்தான். சிக்ரிட் அவன் சட்டையைப் பற்றிக்கொண்டாள். அவன் ப்ரூயிட்டிடம் கேட்டான்: "அந்தப் பொண்ணுக்கு இப்ப எப்படி இருக்கு?"

அதுவரை அந்தக் கேள்வியை யாருமே கேட்டிருக்கவில்லை. ப்ரூயிட் தொப்பியை எடுத்துக்கொண்டு க்ரோ மனைவியின் வீட்டுக்குக் கிளம்பினார். பின்னால் மைலோ மூக்கை உறிஞ்சியபடி வந்தான். பழைய அடி, பனியில் ஒழுகும் என்று கேட்காமலே விளக்கம் சொன்னான்.