ஏழாம் அறையின் பெயர்

யாருக்கும் சொந்தமில்லாத பெயர் ஒன்று பதில் சொன்னது.

புது சர்வர் கணினியை நிறுவுமுன் செய்கிற சாதாரண வேலைதான். குளிர்பதனக் கிடங்கிலுள்ள கணினி, கதவு, அபாய மணி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரைத் தாளில் எழுதி, அந்தப் பெயரைக் கணினி வலைப்பின்னலில் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். பதில் வராவிட்டால் பெயர் காலி. ‘குளிர்-7’ காலியாக இருந்தே தீர வேண்டும். அந்தக் குளிர் அறையின் மணியைக் கழற்றிக் கதவைப் பூட்டி எட்டு மாதமாகிறது. ஆனால் திரையில் நொடிக்கொரு பதில் வந்து விழுந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆளில்லாத கிடங்கில் குளிர் இயந்திரங்களின் உறுமலும், நனைந்த அட்டைப்பெட்டி வாடையும், கதவிடுக்கில் ஊர்ந்து வந்து கணுக்காலைத் தொட்ட ஈரக்காற்றும் சேர்ந்து, அந்தக் கணினி அறையில், கிடங்கின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் அவனோடு இன்னொருவர் இருப்பதுபோல் தோன்றியது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். பழைய பட்டியலை எழுதியவனும் அவன்தான். நான்காம் அறை மணியின் வரியை நகலெடுத்து ஏழுக்கு ஒட்டியவன், பெயரை மாற்ற மறந்துவிட்டான். எட்டு மாதத்துக்கு முன் ஓர் இரவு ஏழாம் அறையில் மாட்டிக்கொண்ட மாமா, அவன் அக்காவின் கணவர், மணியை அழுத்திக்கொண்டே இருந்தார். காவலாளி முன்னிருந்த பலகையில் ‘குளிர்-4’ எரிந்தது. அவர் நான்கைத் திறந்து பார்த்தார், ஆளில்லை, மூடிவிட்டார். விடிந்தபோது மாமா ஏழில் விறைத்துச் செத்துக் கிடந்தார். அன்றே இவன் சத்தமில்லாமல் பட்டியலைத் திருத்திவிட்டான். “குடிச்சுட்டு உள்ளேயே படுத்துட்டார் போல” என்று ஊரே சொன்னபோது தலையாட்டவும் செய்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

காலையில்கூட அக்கா அழுதாள். “பள்ளிக்கூடத்துல பையனைக் குடிகாரன் மகன்னு கூப்பிடறாங்கடா. அவர் அதைத் தொட்டதே இல்லையே, உனக்குத் தெரியாதா?”

“விடுக்கா. ஊர் வாயை மூட முடியுமா?” என்று சொல்லிவிட்டு வந்திருந்தான், பாவி.

தாளின் கடைசி வரியில் அவன் கணினி. அதற்கு அவன் பெயரேதான். அதையும் கூப்பிட்டான். பதில் வந்தது. பதில் வந்த முகவரி, ஏழாம் அறையுடையது.

இயந்திர உறுமல் நின்றது. விரல் நுனி மரத்தது. மூச்சு வெள்ளையாக வந்தது.

போதும் சாமி. சொல்லித் தொலைத்துவிடலாம். மேசைத் தொலைபேசியில் அக்கா வீட்டுக்கு அடித்தான்.

“அக்கா, மாமா குடிக்கலைக்கா. தப்பு என்னோடது.”

“யாருங்க பேசறது?”

“உன் தம்பிக்கா!”

“என்னங்க விளையாட்டு இது? என் தம்பி இங்கதான் இருக்கான். அரை மணி நேரமா என் கையைப் பிடிச்சுட்டு இதையேதான் சொல்லி அழறான்.” அவள் குரல் தாழ்ந்தது. “அவன் கை ஐஸா இருக்கு. மூணு போர்வை போர்த்தியும் நடுக்கம் நிக்கலை.”

அவளுக்குப் பின்னால் குளிரில் பற்கள் தந்தியடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவனுடைய குரலே கேட்டது.

“வச்சிடுக்கா. அங்க யாரும் இல்ல.”

இணைப்பு அறுந்தது.

கதவுக்கு ஓடினான். தள்ளினான். அசையவில்லை. கதவின் உட்புறம் முழுக்க உறைபனி. உள்ளங்கையால் துடைத்தான். அடியில் ‘குளிர்-7’ என்ற எழுத்து. அதைச் சுற்றி நகக் கீறல்கள். பத்து. விரல்களை வைத்துப் பார்த்தான்.

அச்சாகப் பொருந்தின.