அடைப்பை

காலையில் முதல் வேலை, ஆய்வகத்தில் பூப்போல விரியும் கடலுயிர்களான கடற்சாமந்திகளுக்கு இறால் துணுக்கு போடுவது. அன்று மூன்றாம் தொட்டியில் போட்டது அப்படியே அடியில் கிடந்தது. எல்லாம் வெளுத்துச் செத்திருந்தன.

அதிசயமில்லை. தூத்துக்குடிக் கடல் சூடேறியபோது, முட்டைகளை நீரில் விட்ட இனங்கள் அழிந்தன. குஞ்சுகளைத் தம் உடம்பிலேயே ஒட்டி வளர்த்தவை பிழைத்தன. போகப்போக ஆணும் தேவைப்படவில்லை. தாயே தன்னைப் பிரதியெடுத்தது. தொட்டி முழுக்க ஒரே உடம்பு. ஒரே நோய் போதும்.

நாமும் அதைத்தான் செய்தோம். வெப்பத்தில் ஆண்களின் விந்து பழுதானதும், பெண்கள் இடுப்பில் கருவை அடைகாக்கும் அடைப்பை தைத்துக்கொண்டு தங்கள் செல்லிலிருந்தே பிள்ளை வளர்த்தார்கள். நான் அப்படி வந்தவள். அம்மா மாரிக்கனி, உப்பளத்தில் உப்பு வாரியவள். நான் இளைய மாரிக்கனி, எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். அதே முகம், அதே இதயம். அம்மாவின் இதயம் நாற்பத்தைந்து வயதில் ஓய்ந்துகொண்டிருக்கிறது. எனக்கும் அப்படித்தான் ஆகும் என்று மருத்துவர் வானிலை சொல்வதுபோலச் சொன்னார்.

மறுநாள் எனக்கு அடைப்பை தைக்கும் நாள். அதற்குமுன் தாயும் மகளும் ஒரே கண்ணாடியில் முகம் பார்ப்பது வழக்கம். அடுத்து வரப்போகிறவளும் அதே முகம்தானே. வீட்டுக்குப் போனபோது அம்மா கட்டிலில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பிரதி வேண்டாம்னு சொல்லிட்டேம்மா. ஆண் விந்து சேர்த்துக் கலப்புப் பேறு."

"ஏட்டி, கிறுக்கா ஒனக்கு? அதுல பாதி தங்குறதே இல்லையே!"

"பரவால்ல."

"அப்ப நான்?" துடைத்த கை நின்றது. "அடுத்த தடவையாச்சும் சின்னப்புள்ளையிலயே பள்ளிக்கூடம் போலாம்னு இருந்தேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இருந்த ஒரு பிறவியில் அவளைப் பள்ளிக்கு அனுப்பாமல், இன்னொன்று உண்டு என்று ஆசை காட்டியவர்கள்மீது. கத்தியது என்னவோ அவளிடம்.

"அது நீ கெடையாதும்மா! நான் படிச்சேனே, நீயா படிச்ச? ஒன் மூஞ்சிய வச்சுக்கிட்டு இன்னொருத்தி சாவா, அவ்வளவுதான்!"

அம்மா கண்ணாடியை மடியில் வைத்தாள்.

"அந்தப் புள்ளைக்கு நெஞ்சு நோவு வராதா?"

"வரலாம். வராமலும் போலாம். பிரதிக்கு அந்த 'வராமலும்' கெடையாதும்மா."

"என் சாடை?"

"அதுவும் அப்படித்தான்."

அவள் கண்ணாடியைத் தலையணைக்கடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள்.

"வெயில்ல அலையாதட்டி. இனி இந்த மூஞ்சி ஒங்கிட்ட மட்டுந்தான்."