அச்ச எல்லை

ஒவ்வொரு நாள் காலையிலும் மாதேஸ்வரியை ஒருமுறை பயமுறுத்திப் பார்த்த பிறகுதான் குவாரிக்குள் விடுவார்கள். சோதனை அறையில் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு நிற்பாள். சொல்லாமல் கொள்ளாமல் காலடித் தரை ஒரு சாண் கீழே இறங்கும். சுவரில் பயத்தை அளக்கும் அச்சமானியின் முள் எகிறும். பச்சை விளக்கு எரிந்தால் அன்றைக்கு வேலை உண்டு. இத்தனை வருடத்தில் அவளுக்கு அது பழகவே இல்லை. பழகிப்போனவர்களை வண்டியில் ஏற்ற மாட்டார்கள்.

கடல் ஏறிவந்து கரையோர ஊர்களை விழுங்கத் தொடங்கியதிலிருந்து, கிருஷ்ணகிரிப் பக்கத்து மலைகள் கடற்சுவருக்குக் கற்களாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு கல்லும் ஓர் அறை அளவு இருக்கும். அவற்றைத் தூக்கி லாரியில் வைப்பவை பார ஏந்திகள். பழைய ஆட்கள் வீல் லோடர் என்பார்கள். ஆளுயரத்துக்கு மேல் டயர், முன்னால் இரண்டு இரும்பு விரல்களாக நீளும் ஃபோர்க், பின்னால் அதற்கு எதிர்ப்பாரம். முன்சுமை மிஞ்சினால் பின் டயர்கள் தரையை விட்டு எழும்பும். அதற்குப் பிறகு வண்டி ஓட்டுநரின் சொல் கேட்காது.

எவ்வளவு தூக்கலாம் என்று ஒவ்வொரு வண்டியிலும் தகடு அடித்திருந்தது. மீறினால் நிறுத்த உணர்கருவியும் வைத்திருந்தார்கள். கருவியை ஏமாற்றத் தெரிந்த ஒருவர் எல்லாக் குவாரியிலும் இருந்தார். ஓட்டுநர்கள் பலர் செத்தபின் சட்டம் மாறியது. வண்டியின் பின்பக்கம் லேசாவதை எந்தக் கருவிக்கும் முன்னால் அறிவது ஓட்டுநரின் முதுகெலும்பு. ஆகவே அவருடைய பயமே இனி எல்லை. தலைக்கவசம் அதைப் படிக்கும். பயம் அளவைத் தாண்டினால் ஃபோர்க் நின்று, தானே மெல்ல இறங்கிவிடும். பயத்தை யாரும் ஏமாற்ற முடியாது என்று அப்போது நம்பினார்கள்.

அன்று வெட்டி எடுத்த கரும்பச்சைக் கல்லை மாதேஸ்வரி தூக்கிப் பார்த்தாள். இருக்கை கனமிழந்தது. முதுகு சில்லிட்டது. ஃபோர்க் இறங்கிவிட்டது. மேற்பார்வையாளர் முனிரத்தினம் திட்டவில்லை.

"பரவால்லம்மா. சென்றாயன் பாத்துக்குவாரு."

அவளுக்கு அது விளங்கவில்லை. குவாரியிலேயே அதிகம் பயப்படுகிறவர் சென்றாயன் அண்ணன். கூழாங்கல் உருண்டாலே ஃபோர்க்கை இறக்கிவிடுவார். ஆனால் சில வாரங்களாக, காலைச் சோதனை முடிந்தபின் நிறுவன மருத்துவர் அவருக்கு ஏதோ மாத்திரை கொடுக்கிறார் என்று பேச்சு இருந்தது. அமைதி வில்லை என்றார்கள்.

சென்றாயன் கல்லைத் தூக்கினார். பள்ளத்தின் விளிம்பை ஒட்டிய பாதையில் வண்டியைத் திருப்பினார். பின் டயர்களுக்கு அடியில் வெயில் தெரிந்தது.

மாதேஸ்வரி வயர்லெஸ்ஸை அழுத்தினாள். "அண்ணா, பின் டயரு தூக்குது. எறக்குங்க."

"தெரியுதும்மா." மணி என்ன என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல இருந்தது குரல்.

"அந்தப் பக்கம் பள்ளம்ணா."

"ஆமா. பள்ளந்தான்."

எல்லாம் தெரிந்தே போய்க்கொண்டிருந்தார். அவரைப் பயமுறுத்தியாக வேண்டும், ஃபோர்க் தானே இறங்குகிற அளவுக்காவது. அவருடைய மகள் நித்திலா எடைமேடையில் வேலை செய்தாள். அவள் வரக் கொஞ்சம் தாமதமானால் வண்டியை நிறுத்திவிட்டுப் போன் போடுகிற மனிதர்.

"அண்ணா, நித்திலா பள்ளத்துல விழுந்துட்டா."

வயர்லெஸ் இரைந்தது. ஃபோர்க் இறங்குவதற்காக மாதேஸ்வரி காத்திருந்தாள்.

"அப்படியா," என்றார் சென்றாயன்.

ஃபோர்க் இறங்கவில்லை. பின் டயர்கள் தரையைத் தொட்டும் எழும்பியும் தொட்டும் வண்டி ஊர்ந்தது. லாரியை அடைந்தது. கல் உட்கார்ந்ததும் லாரி முனகித் தாழ்ந்தது. முனிரத்தினம் கை தட்டினார்.

சென்றாயன் இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எந்தப் பக்கம் விழுந்தா?"

அவள் வாய் திறப்பதற்குள் பின்னால் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. எடைமேடையிலும் அதே வயர்லெஸ்தான். அப்பா பதறிப்போவாரே என்று நித்திலா ஓடிவந்திருந்தாள்.

"அப்பா, நான் விழுந்துட்டேன்னு அக்கா சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா. கல்ல வச்சுட்டு வரலாம்னு இருந்தேன்."

பிரியமாகத்தான் சொன்னார். அவள் தலையைத் தடவிக்கூடக் கொடுத்தார். நித்திலா விலகவில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் கைக்குக் கீழே நிற்பதுபோல அசையாமல் நின்றாள். பிறகு "சரிப்பா" என்று திரும்பி நடந்தாள்.

"பொய் சொல்லிட்டேண்ணா," என்றாள் மாதேஸ்வரி.

"பரவால்லம்மா." அவர் முகத்தில் கோபமே இல்லை. மாதேஸ்வரி அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் தன் வண்டிக்கு நடந்தாள்.

அடுத்த கல் அவளுடையது. ஏறி உட்கார்ந்து நெம்புகோலை இழுத்தாள். வெறும் ஃபோர்க் எழும்ப மறுத்தது. மீண்டும் இழுத்தாள். தரையோடு கிடந்தது.

முனிரத்தினம் படியில் ஏறி எட்டிப் பார்த்தார். "ஒண்ணுமே தூக்கலயே, எதுக்கும்மா பயம்?" அவர் கையில் ஒரு வெள்ளை வில்லையும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. "நாளையிலருந்து எல்லாருக்கும் இதான். இன்னிக்கே போட்டுப் பழகிக்கங்க."

மாதேஸ்வரி தலைக்கவசத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள்.

"எறங்கினா நாளைக்கு வண்டி கிடையாதும்மா."

"சரி சார்," என்று இறங்கினாள். எடைமேடையை நோக்கி நடந்தாள்.

நித்திலா வாசல் நிழலில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருக்கவில்லை.

"அக்கா, சாயங்காலத்துக்குள்ள மாத்திரையோட வேகம் எறங்கிடும்னு சொல்றாங்க. அப்ப இதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்குமா?"

மாதேஸ்வரி அதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. பள்ளமும், எழும்பிய டயரும், மகளிடம் சொன்ன வார்த்தையும் அந்த மனிதர் மேல் ஒரே நேரத்தில் வந்து விழும்.

"இருக்கும்," என்றாள்.

"அப்ப நான் பக்கத்துல இருக்கணும். இல்லன்னா தாங்க மாட்டாரு."

மாதேஸ்வரி அவள் அருகில் உட்கார்ந்தாள். வேலை முடியும் சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது. கீழே சென்றாயன் முந்தியதைவிடப் பெரிய கல் ஒன்றின் அடியில் ஃபோர்க்கை நுழைத்துக்கொண்டிருந்தார்.