முடிவுறாத ‘வாறன்’

இருபத்திரண்டு வேலைகளுள் இருபத்தொன்று முடிந்துவிட்டன என்றும், ஒன்று மட்டும் நடைபெறுகிறது என்றும் மடிக்கணினித் திரை காட்டியது. அஞ்சலா சோறு வடித்தவாறே அதனைப் பார்த்தாள். மனத்தில் எதுவும் அசையவில்லை.

மட்டக்களப்பு வாவியில் அவளுடைய கணவன் பிரதீசின் தோணி கவிழ்ந்து முப்பத்தெட்டு நாள்கள் ஆகியிருந்தன. தோணி கிடைத்தது, அவனும் அவனது கைப்பேசியும் கிடைக்கவில்லை. அவன் சொல்லிச் செய்யாமல் விட்டவற்றை முடிப்பதற்காக, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய, தானே இயங்கும் நிரல் ஒன்றை அவளுடைய அண்ணன் ஜொய்சன் நேற்று நிறுவித் தந்திருந்தான். அது மடிக்கணினியில் பதிவாகியிருந்த பிரதீசின் பழைய செய்திகளைப் படித்து, அவன் கொடுத்த வாக்குகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்டது. அவள் வாசியாமலே ‘ஓம்’ என்று பதிந்துகொண்டு போனாள்.

எஞ்சிய வேலையை இப்போதுதான் வாசித்தாள். கடைசி மாலையில், தோணியில் ஏறுமுன் அவன் அனுப்பிய ஒற்றைச் சொல்: ‘வாறன்.’

அதன் கீழே, நாளை மறுநாள் அவனுக்காக ஒப்புக்கொடுக்கவிருந்த நாற்பதாம் நாள் பூசை வேண்டியதில்லை என்று நிரல் கோவிலுக்கு எழுதியிருந்தது. அந்தப் பூசையோடு அவனை விட்டுவிடலாம் என்றே அவள் நாள்களைக் கழித்திருந்தாள்.

கணினியை மூடிவிட்டு அண்ணனை அழைத்துச் சொன்னாள்.

“போறன் எண்டு ஆருகா சொல்லுற? வாறன் எண்டுதானே சொல்லிப்போட்டுப் போறது. அந்த மொக்கு மெசினுக்கு அது விளங்குமா?” ஜொய்சன் சிரித்தான். “மூடி வை.”

“மூடித்தான் வெச்சிருக்கன். அவர்ர நம்பரில இருந்து மெசேஜ் வருது, அண்ணா.”

சிரிப்பு நின்றது. “என்னெண்டு?”

“வந்துசேர இன்னும் தொள்ளாயிரம் மீற்றராம்.”

“வெளிய வா புள்ள. இப்பவே வா.”

அவள் எழவில்லை. நண்பகல் வெயில் முற்றத்து மணலில் வெள்ளையாகக் கிடக்க, வடித்த கஞ்சியின் மணத்தினூடே வாவியோரக் கண்ணாக்காட்டுச் சேற்றின் நாற்றம் மெல்லப் படிந்து, பெரியகல்லாற்றுத் தெருவின் ஓசைகள் ஒவ்வொன்றாக அடங்கின.

நானூறு.

காகங்கள் இல்லை.

நூறு.

இரண்டு கோப்பைகளில் சோறு போட்டிருந்தாள். எப்போது என்று தெரியவில்லை.

பத்து.

“அஞ்சலா.”

கதவுக்கு வெளியே. அவன் குரல்.

பதினொரு வருடப் பழக்கம். வாய் தானாகத் திறந்தது.

“ஓம்.”

கதவின் கீழ் இடுக்கினூடாக வாவித் தண்ணீர் மெதுவாக உள்ளே வந்தது. அதன் பின்னால், தரையோடு தரையாக, விரல்கள்.