மூன்றாவது மாடியில் ஒரு பலி

ட்ர்ர்ரிங்... ட்ர்ர்ரிங்...!

காலேஜ் ஆபீஸில் போன் அலறியது. டைப்பிஸ்ட் லிடியா எடுத்தாள்.

"யம்மா... நான் பச்சையம்மா... புது ஃப்ளாட்ஸ்ல கூட்டற பச்சையம்மா! உன் வூட்டுக்காரரு காலைல மூணாவது மாடிக்குப் போனாரு. எறங்கவே இல்ல. கதவு சாத்திக் கெடக்குது. வாசப்படியில... ரத்தம்மா!"

ரிசீவர் நழுவியது.

1987, செப்டம்பர். இட ஒதுக்கீட்டு மறியலின் மூன்றாம் நாள். கள்ளக்குறிச்சியைச் சுற்றி ரோடெல்லாம் புளியமரங்கள் வெட்டுண்டு கிடந்தன. போலீஸ் மொத்தமும் அங்கே. கூப்பிட்டால் வர ஆளில்லை!

லிடியா ஓடினாள். அந்த வதந்தி பின்னாலேயே ஓடி வந்தது...

'உயர்ந்த கட்டடம் தலைச்சன் பிள்ளையைக் கேட்கும்!'

ஒரு மாதமாக டீக்கடைகளில் வடையைவிட அதிகம் மெல்லப்பட்டது இதுதான்.

அவள் புருஷன் எட்வின் தலைச்சன்!

காலேஜ் வந்தது, விலைவாசி ஏறியது. ஃப்ளாட் ஒண்ணேகால் லட்சம்! குடியிருந்த வாடகை வீட்டையோ, ஹாஸ்டலாக்கப் போவதாகச் சொல்லி, மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டு ஓனர். லேப் அசிஸ்டென்ட் எட்வின் பேரம் பேசியே ஓய்ந்தான். ஃப்ளாட்ஸ் முதலாளி ஜம்புலிங்கம் ஒரு பைசா இறங்கவில்லை.

மூன்றாவது மாடி.

வாசற்படியில் ரத்தம்... பக்கத்தில் எட்வினின் ஒற்றைச் செருப்பு!

"என்னாங்க...! கதவத் தெறங்க!"

கதவை இடித்தாள்.

பின்னால்... படியில் காலடிச் சத்தம்.

ஜம்புலிங்கம்! கையில் கொடுவாள்!

"இ... இன்னா சார் அது?"

"ரோட்டுல கெளை வெட்டிக்கினு இருந்தேன். காரு போவணும்ல? நவுரும்மா."

"கிட்ட வராதீங்க! அவர பலி குடுத்துட்டீங்களா?"

ஜம்புலிங்கம் குனிந்தார். ஓர் எலுமிச்சம்பழம். கொஞ்சம் குங்குமம். ஓர் இறகு...

சிரித்தார்!

"எட்வினு... வெளிய வாப்பா!"

கதவு திறந்தது. எட்வின்... முழுசாக! கையில் தலையில்லாத சேவல்.

"பாவி மனுசா! எங்கிட்டகூட சொல்லலயே?"

"சொல்லியிருந்தா நீ இப்டி அலறியிருப்பியா? ஊரு பயந்தா வெல கொறையும்னுதான்... டீக்கடையில கெளப்பி வுட்டதும் நாந்தான் லிடியா."

"சர்ச்சுக்குப் போற ஆளுக்கு பலி மொற இன்னாய்யா தெரியும்?" என்றார் ஜம்புலிங்கம். "பலின்றது பூமிக்குக் குடுக்கறது. கடக்கால்ல, மண்ணு மேல! மூணாவது மாடியில பூமி ஏது? ஒரு செங்கல் அகலம்கூட கெடையாது!"

எட்வின் தலைகுனிந்தான்.

லிடியா கண்ணைத் துடைத்தாள்.

"இன்னோரு தபா சொல்லுங்க சார்... பூமியே இல்லியா? அப்ப எதுக்கு ஒண்ணேகால் லட்சம்?"

படியில் சலசலப்பு. பச்சையம்மா லிடியாவுக்கு மட்டுமா போன் போடுவாள்? அட்வான்ஸ் கொடுத்த ஆறு பேரும் மூச்சிரைக்க நின்றிருந்தார்கள்.

"ஆமா... அந்தப் பொண்ணு கேக்கறதும் நியாயந்தானே?" என்றார் ஒருவர். "எங்க அட்வான்ஸத் திருப்புங்க!"

ஜம்புலிங்கத்தின் முகம் வெளிறியது.

ஐந்தே நிமிடத்தில் ஃப்ளாட் விலை எண்பதாயிரம்!

லிஃப்ட் இல்லாத அந்தக் கட்டடத்தில் அவ்வளவு வேகமாக எதுவும் இறங்கியதே இல்லை!