காலியான கரிப் பீப்பாய்

1979, மார்ச் 6. காலை 7.10. ஜவ்வாது மலையடிவாரச் சாயப்பட்டறையின் பின்புறம் பீப்பாய் காலியாகக் கிடந்தது. கழிவுநீரின் சிவப்பை எடுக்க, சந்தியாகப்பன் வாத்தியார் அதில் சாமை உமிக்கரி நிரப்பியிருந்தார். மாலை நான்கு மணிக்கு அதிகாரிகள் அதைப் பார்க்க வருகிறார்கள்.

உமி கொடுக்கும் மலைக்காரன் வீரன் சாக்குடன் பக்கத்தில் நின்றான். கரி திருட்டுப் போனதாகத் தகவல் போய், சப்-இன்ஸ்பெக்டர் தீர்த்தகிரி வந்ததும் வராததுமாக, ஊரே பார்க்க அவனை ஓர் அறை விட்டார்.

“கரி எங்கடா?”

“நான் எடுக்கலீங்க. உமி கொண்டாந்தேங்க.”

ஒன்பது மணி பஸ்ஸில் போளூர் லாக்கப் என்று அவனை உட்கார வைத்தார்கள்.

வாத்தியார் தெளிந்த நீர்ப் புட்டி ஒன்றை நீட்டினார். “நேத்து வடிச்ச பட்டறைத் தண்ணி சார்.” பாதியைக் குடித்தும் காட்டினார். மீதியைத் தீர்த்தகிரி குடித்தார். நல்ல கிணற்றுத் தண்ணீர் போல இனித்தது.

7.40. பட்டறைக்குள் மணியம்மாள் தொட்டியில் எதையோ கொட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா அது?”

“உப்புங்க. இது போட்டாத்தான் நூல்ல சாயம் ஏறும்.”

8.15. தீர்த்தகிரி பீப்பாயின் அடியைத் தடவினார். விரலில் வெள்ளைச் சாம்பல் ஒட்டியது.

“வாத்தியார் சார், கரி உப்பையும் எடுக்குமா?”

“எடுக்காது. நெறத்த மட்டுந்தான்.”

“அப்புறம் நான் குடிச்ச தண்ணி எப்படி இனிச்சுது? அது பட்டறைத் தண்ணியே இல்ல. பீப்பாய்ல இருந்ததும் கரியே இல்ல, சாம்பல். அதைக் கொட்டினது நீங்கதான்.”

வாத்தியார் தலை கவிழ்ந்தது. “உமியப் பானையில போட்டு மூடி, மண்ணு பூசிச் சுடுங்கன்னு வீரன் சொன்னான் சார். இவன் இன்னா எனக்குச் சொல்றதுன்னு திறந்தே கொளுத்தினேன். எல்லாம் சாம்பலாயிடுச்சு. தண்ணி செவப்பாவே எறங்குச்சு. மானம் போயிடும்னு விடிகாலைல ஓடையில கொட்டிட்டேன். புட்டியில இருந்தது கிணத்துத் தண்ணி.”

தீர்த்தகிரிக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. தானும் ‘மலைக்காரன்தானே’ என்ற அதே நினைப்பில்தானே அறைந்தோம் என்று உடம்பு கூசியது. வீரனை எழுப்பி, பானை கொடுக்கச் சொன்னார்.

3.30. வீரன் சுட்ட கரி வழியே தண்ணீர் தெளிவாகச் சொட்டியது. சொட்டைப் பிடிக்கத் தீர்த்தகிரி கை நீட்டினார். அடி விழுமென்று வீரன் முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டான். அவர் கூனிக் குறுகிப்போய், ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். உப்பு.

“தப்பு என்னுதுதான் வீரா,” என்றார் மெல்ல.

“எல்லாரும் பாக்கத்தானே அடிச்சீங்க ஐயா. இதையும் அவங்க முன்னாடியே சொல்லுங்க.”

4.00. ஜீப் வந்து நின்றது. அதிகாரிகள் இறங்கினார்கள்; காலையில் பார்த்த ஊரும் கூடியிருந்தது. தீர்த்தகிரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு, வீரனின் பக்கத்தில் போய், ஊரைப் பார்த்து நின்றார்.